ஜெசிந்தா முறை

தருவைப்புதூர் உப்பளத்தில் போன கோடையில் ஒருவர்கூடச் சாகவில்லை. பொன்மாரியைச் சென்னை ஆய்வு நிலையத்திலிருந்து அங்கே அனுப்பி வைத்ததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கடற்கரையில் அது நடக்கிற காரியமே இல்லை. சித்திரை பிறந்தால் வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டு நிற்கிற காலம். மேலே சூரியன், கீழே கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைப் பாத்தி, இரண்டுக்கும் நடுவில் நின்று உப்பு வாருகிறவர்கள் வருடந்தோறும் சுருண்டு விழுந்து செத்தார்கள். அதைத் தடுக்கத்தான் வியர்வை வில்லை வந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் வியர்வையையும் நாடியையும் படித்துக்கொண்டே இருக்கும். ஆள் விழப் போகிறார் என்றால் அரைமணி நேரத்துக்கு முன்பே கீச்சிடும். உடனே நிழலுக்குப் போய் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் குடித்துப் படுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். சோதனைச்சாலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரைக் காப்பாற்றிய வில்லை அது.

முப்பத்து நான்கு உப்பளங்களுக்குக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்றில் போன கோடையில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். மிச்சமிருந்த ஒன்று தருவைப்புதூர். அங்கே சாவு பூஜ்யம். ஆனால் சொன்னபடி வில்லையைப் பயன்படுத்துகிறார்களா என்பதற்கு நிலையம் போடுகிற மதிப்பெண்ணில் எல்லோருக்கும் கடைசி, நூற்றுக்கு முப்பத்தொன்று.

"ஒழுங்காச் செஞ்சவங்க செத்திருக்காங்க, ஒழுங்காச் செய்யாதவங்க பிழைச்சிருக்காங்க. போய் என்னன்னு பார்த்துட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பினார் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் கனகசபாபதி.

பங்குனி மாதம் ஒரு காலையில் பொன்மாரி துணைச் சுகாதார நிலையத்தின் வாசலில் போய் நின்றாள். முப்பத்து நாலு வயது, கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. உள்ளே நர்ஸ் ஜெசிந்தா கரைசல் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. வெயிலில் கறுத்த முகம், அதில் மூக்குக்கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பு.

"சென்னையில இருந்தா? வாங்க மேடம். சாப்டீயளா?" என்றாள். பையை மட்டும் கையிலிருந்து விடவில்லை. "மார்க்கு கொறஞ்சிட்டுன்னு கேக்க வந்தீயளோ?"

"மார்க்குக்காக வரல சிஸ்டர். இங்க ஏன் யாரும் சாகலன்னு தெரிஞ்சிக்க வந்தேன்."

ஜெசிந்தா சிரித்தாள். "அதயும் ஒரு குத்தமா கேக்க வந்துட்டீயளே!"

பத்தே முக்காலுக்கு அவள் உப்பளத்துக்குக் கிளம்பினாள். பொன்மாரியும் கூடவே நடந்தாள். வரப்பில் நின்று ஜெசிந்தா ஒரு விசிலை எடுத்து ஊதினாள். "கைரேகை! மொத செட்டு வாங்க! கைரேகை!"

பாத்திகளிலிருந்து பத்துப் பெண்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓலைக் கொட்டகையை நோக்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் இசக்கியம்மாள். நாற்பது வயதிருக்கும். உடம்பு வற்றல், வாய் மட்டும் வற்றவில்லை. "நர்ஸம்மா, இன்னைக்கு எந்தச் சொத்த எழுதி வாங்கப் போறீய? எம்புருசன எழுதித் தாரேன், கொண்டு போயிருங்க" என்றதும் மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

கொட்டகைக்குள் ஜெசிந்தா நோட்டைத் திறந்தாள், மைப்பெட்டியைத் திறந்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், பேனாவைத் தேடினாள். அவ்வளவு சாவகாசமாக ஒரு மனுஷி வேலை செய்து பொன்மாரி பார்த்ததில்லை. அதற்குள் பெண்கள் ஆளுக்கு ஒரு சொம்பு கரைசலைக் குடித்து முடித்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓலையால் அடைத்த மறைப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொருத்தியாய் அங்கே போய்விட்டு வந்தாள். ஜெசிந்தா விரலைப் பிடித்து மையில் ஒற்றும் சாக்கில் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள், நாடியைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். ஒருத்தியிடம் மட்டும், "ஒன் ரேகை சரியா விழல. உக்காரு, மறுபடி எடுக்கணும்" என்றாள். அவள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கங்காணி சித்திரைவேல் வெளியே நின்று முணுமுணுத்தான். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கைநாட்டு. ஒங்க ஆராய்ச்சிக்கு ஒரு முடிவே கெடையாதா மேடம்?"

ஆய்வில் கைநாட்டு என்று ஒன்றே கிடையாது. பொன்மாரி வாயைத் திறக்கப் போனாள். நோட்டுக்கு மேலே ஜெசிந்தாவின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மேலிடத்து உத்தரவு. செஞ்சுதான் ஆகணும்" என்றாள் பொன்மாரி.

பிற்பகலில் துணை நிலையத்துக்குத் திரும்பியதும் ஜெசிந்தா அந்த நோட்டுகளைத் தானே எடுத்து மேசைமேல் போட்டாள். பொன்மாரி புரட்டினாள். பக்கம் பக்கமாக நீல நிறக் கறைகள். எதிலும் ஒரு கோடுகூட இல்லை.

"உப்புல ஊறுன கைக்கு ஏது ரேகை? எல்லாம் மை அப்புனதுதான்" என்றாள் ஜெசிந்தா. "போன சித்திரையில மரியபுஷ்பம்னு ஒரு பிள்ளைக்கு வில்ல கத்துச்சு. நிழல்ல படுக்க வச்சோம், பொழச்சிட்டா. மறுநாளு அவளுக்கு வேல இல்லன்னுட்டாவ. 'சீக்குக்காரிய நிறுத்தி, செத்துப்போனா யாரு பதில் சொல்லது'ன்னு கேட்டாவ. அன்னையில இருந்து பத்து மணிக்கு மேல எவளும் வில்லைய மேல வைக்கதில்ல. தூக்குச்சட்டிக்குள்ள போட்டு மூடிருவாளுவ. அதான் ஒங்க முப்பத்தொண்ணு மார்க்கு."

"அதனால கைரேகையா?"

"ஒருத்திய மட்டும் உக்கார வச்சா அவ சீக்குக்காரி. பத்துப் பேர உக்கார வச்சா அது ஆபீஸ் வேல. ஆபீஸ் வேலைக்கு மொதலாளியும் பயப்படுதாரு, கங்காணியும் பயப்படுதான்." குரல் தணிந்தது. "மேடம், இவளுவ பாதிப் பேரு தண்ணியே குடிக்கிறதில்ல. ஒண்ணுக்கு ஒதுங்க ஒரு மறைப்பு இல்லாம எப்படிக் குடிப்பா? அத எந்த வில்ல கண்டுபிடிக்கும்? நான் கண்டுபிடிச்சது அந்த ஓலைத் தட்டியும் இருவது நிமிசமும்தான். இத எழுதிராதீய. எழுதுனா இதுவும் போயிரும்."

பொன்மாரி நோட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். "சிஸ்டர், எங்க அம்மா செத்தது மருந்து இல்லாம இல்ல. மருந்து வந்து எங்க ஊரு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில ஒன்றரை வருசம் கெடந்துது. யாருக்கு, எப்போ, எப்படிக் குடுக்கணும்னு யாரும் சொல்லித் தரல. மருந்து நல்லதான்னு பாக்குறது வேற ஆளுங்க வேலை. நல்லதுன்னு தெரிஞ்சது ஊருக்குள்ள வந்து என்ன ஆகுது, எத்தனை பேரை எட்டுது, எங்க தடுக்கி விழுதுன்னு பாக்குறதுதான் எங்க வேலை. அதுக்குன்னே ஒரு சட்டகம் இருக்கு, எதை எதைப் பாக்கணும்னு வகுத்து வெச்ச முறை. ஊர்க்காரங்க தங்களுக்குத் தோதா செஞ்ச மாத்தத்தை எழுத அதுல ஒரு தனி இடமே இருக்கு. நீங்க செஞ்சது அதுதான்."

"சட்டகம்னா ஆளா, மிசினா?"

"மொதல்ல ஆளுங்க. இப்போ கம்ப்யூட்டரே படிச்சு முடிவு சொல்லிடும்."

ஜெசிந்தா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். "எழுதலன்னா?"

"பேரு வில்லைக்குப் போயிடும். தருவையைக் காட்டி எல்லா ஊர்லயும் வெறும் வில்லையை மட்டும் ஒட்டுவாங்க. இன்னும் நாப்பது பேரு, அம்பது பேரு போவாங்க."

"எழுதுனா மத்த ஊர்லயும் கொட்டகை போடுவாவளா?"

"அதுக்காகத்தான் எழுதறேன்."

ஜெசிந்தா எழுந்து நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அப்ப எழுதுங்க. எம்பேரயும் போட்டு எழுதுங்க. பேரு இல்லாம எழுதுனா கட்டுக்கதைன்னு சொல்லிருவாவ."

நாற்பது பக்கம் எழுதினாள் பொன்மாரி. கொட்டகையின் அளவு, மறைப்பு, கரைசல், இருபது நிமிடம், 'ரேகை விழவில்லை' என்று ஒருத்தியை உட்கார வைக்கும் தந்திரம் எல்லாம். எட்டு வருட வேலையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் எழுதியதில்லை.

சட்டகம் அதைப் படித்து முடிவு சொல்லப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. டாக்டர் கனகசபாபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து, தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார். கடுமையானவர் அல்ல. காலரா முகாம்களில் பத்து வருடம் கிடந்து, அதன் பிறகு ஆய்வுக்கு வந்தவர்.

"பிரமாதம். இதுக்கு 'ஜெசிந்தா முறை'ன்னே பேர் வைக்கப் போறோம். அடுத்த வருஷக் கோடையிலேர்ந்து மாநிலம் முழுக்க" என்றார்.

பொன்மாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரையைத் திருப்பினார். அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் தலையில் உள்ளங்கை அளவு கண்ணாடி.

"இது என்ன சார்?"

"கைரேகைக் கருவி. தேய்ஞ்ச ரேகையைப் பத்தி நீயே எழுதியிருக்கியே, அதனால இது தோலுக்குக் கீழே இருக்கற நரம்பைப் படிக்கும். வரப்புக்கு ஒண்ணு நட்டுடுவோம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவையும், வில்லை கீச்சிடும்போதும் மணியடிக்கும், கை வெச்சாத்தான் நிக்கும். பாத்தியை விட்டு ஏற வேண்டாம். வில்லையை ஒட்டியிருந்தாத்தான் கையை ஏத்துக்கும், அதனால இனிமே யாரும் கழட்ட மாட்டாங்க. நாலே செகண்டு."

"கொட்டகை?"

"பொன்மாரி, சட்டகம் என்ன பண்ணும்? ஒரு முறையில எது மையம், எது ஓரம்னு பிரிக்கும். தருவையில கைரேகை வெச்ச அத்தனை பேரும் உடம்பு தேறி வீடு திரும்பியிருக்காங்க. ஒரு தடவைகூடத் தப்பல. அதுதான் மையம்."

"கை வெச்சதால தேறல சார். உக்காந்ததால தேறுச்சு. நாற்பது பக்கமும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

"உட்கார்ந்ததுக்குப் பதிவு இருக்கா?"

அவள் காப்பியை மேசைமேல் வைத்தாள்.

"கைநாட்டுக்கு நோட்டு இருக்கு. தேதி இருக்கு, நேரம் இருக்கு. உட்கார்ந்ததுக்கு உன் வார்த்தைதான் இருக்கு. பதிவு இல்லாததை எப்படிம்மா ஆயிரம் ஊருக்கு அனுப்பறது?" அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "இன்னொண்ணும் இருக்கு. உப்பள முதலாளிகளைக் கேட்டோம். நாலு செகண்டுன்னா எல்லாரும் சரிங்கறாங்க. இருபது நிமிஷம்னா ஒருத்தர்கூட ஒத்துக்கல. யாருமே ஏத்துக்காத நல்ல முறையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஓய்வு வேண்டாம்னு சொல்லல. கை வெச்சா ஓய்வு குடுத்தாச்சுன்னு பதிவாகும். குடுக்க வேண்டியது அவங்க பொறுப்பு. ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா?"

ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று மேல். அவள் அம்மாவின் மருந்து கிடந்த குளிர்பெட்டியை நினைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருடம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது.

"இசக்கி போயிட்டா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பொன்மாரி மறுநாள் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. உப்பளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வரப்புகளில் வரிசையாகக் கம்பங்கள் நின்றன. ஓலைக் கொட்டகை இருந்த இடத்தில் உப்பு மூட்டைகள். மறைப்பையும் காணோம். ஒரு கம்பம் மணியடித்தது. பாத்தியில் நின்ற பெண்ணிடம் பக்கத்திலிருந்தவள், "ஏட்டி, ஜெசிந்தா கத்துதா பாரு, போயி கைய வச்சிட்டு வா" என்றாள். பொன்மாரிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தக் கம்பத்துக்கு அங்கே அதுதான் பேர்.

ஆய்வாளர் என்ற முறையில் கருவியின் பதிவைத் திறக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. வரப்பிலேயே நின்று கைப்பேசியில் திறந்தாள்.

ஒன்று பத்துக்கு இசக்கியம்மாளின் வில்லை கீச்சிட்டிருக்கிறது. ஒன்று பதினாலுக்கு அவள் கை வைத்திருக்கிறாள். கை வைத்ததும், 'ஓய்வு அளிக்கப்பட்டது' என்று எழுதி எச்சரிக்கையைக் கருவியே மூடிவிட்டிருக்கிறது. ஒன்று ஐம்பதுக்கு அவள் விழுந்தாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். தூக்கி வரப்பில் போட்டபோதே உயிர் இல்லையாம். வண்டி வந்து எடுத்துப் போனபோது மணி மூன்று.

இரண்டரை மணிக்கு நேராக இன்னொரு பதிவு இருந்தது. 'இசக்கியம்மாள். இரண்டாம் கை. ஏற்கப்பட்டது.'

பொன்மாரி சித்திரைவேலைத் தேடிப் பிடித்தாள். அவன் மறுக்கவில்லை. வரப்பில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான்.

"ஒரு கை கொறஞ்சா கம்பம் நிறுத்தாம அடிக்கும் மேடம். சாயங்காலம் விளக்கம் எழுதணும். மூணு தடவ எழுதுனா என்னைய மாத்திருவாவ. வண்டி வார வரைக்கும் அவ அங்கனதான் கெடந்தா. நான்தான் கையப் பிடிச்சு..." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "சூடாத்தான் இருந்துச்சு மேடம். வெயிலுக்குச் சூடாத்தான் இருந்துச்சு."

"வில்லை கத்தினப்போ என்ன சொன்னீங்க?"

"'கை வச்சிட்டியா'ன்னு கேட்டேன். 'வச்சிட்டேன்'னா. 'அப்ப அந்த ஓரத்த முடிச்சிட்டுப் போ'ன்னேன்."

பொன்மாரி வரப்பிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். ஒன்று பத்து, ஒன்று பதினாலு, ஒன்று ஐம்பது, இரண்டரை. இந்த முறை நாற்பது பக்கம் இல்லை, ஒரே பக்கம். கருவிகளை உடனே நிறுத்த வேண்டும் என்று கடைசி வரியில் எழுதி அனுப்பினாள். பிறகு துணை நிலையத்துக்கு நடந்தாள்.

ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இசக்கியின் அடக்கத்துக்காக வந்திருந்தாள்; ஆறு மாதமாக அவள் தருவையில் இல்லை. மாவட்டத்துக்குப் பயிற்சியாளராகப் பதவி உயர்வு கொடுத்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. நர்ஸ் செய்த வேலையைத்தான் கம்பம் செய்கிறதே!

"நேத்து ரெண்டரை மணிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா?" என்றாள். "தூத்துக்குடியில ஒரு ஹால்ல. எரநூறு நர்ஸுவ. மேடையில என்னைய நிறுத்தி மாலை போட்டு, ஜெசிந்தா முறையப் பத்திப் பேசச் சொன்னாவ. கொட்டகையப் பத்திப் பேசுனேன். 'அதெல்லாம் பழைய வடிவம் சிஸ்டர், கருவியப் பத்திச் சொல்லுங்க'ன்னுட்டாவ."

"என்னை மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"ஒங்கள என்ன சொல்ல? நானும்தான எழுதச் சொன்னேன். பேரு போடச் சொன்னதும் நான்தான்." பிறகு கேட்டாள். "இசக்கி மக எங்கிட்ட வந்தா. 'எங்கம்மா ஜெசிந்தாகிட்ட கை வச்சதுக்கு அப்புறந்தான் செத்தா'ன்னு அழுதா. அந்தப் பிள்ள என்னையச் சொல்லல, எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பேரு எம்பேரு. அத மட்டுமாச்சும் எடுத்துருவாவளா?"

பொன்மாரி பதில் சொல்வதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. டாக்டர் கனகசபாபதியின் குரல் உற்சாகமாக இருந்தது.

"உன் பக்கத்தைச் சட்டகம் படிச்சுடுச்சு, பொன்மாரி. நாப்பது நிமிஷத்துல முடிவு குடுத்திருக்கு! போன தடவை பதினோரு நாள், ஞாபகம் இருக்கா? எவ்வளவு சீக்கிரம் கத்துக்குது பார்."

"நிறுத்துறாங்களா சார்?"

"நிறுத்தறதா? ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டியே, அதை அடைக்கறோம். செத்தவங்க கையைக் கருவி ஏத்துக்கறது ரொம்பப் பெரிய கோளாறு, மொத்தப் பதிவும் கெட்டுப் போயிடும். இனிமே கண்ணாடி நாடித்துடிப்பையும் பார்க்கும். துடிப்பு இல்லாத கையை ஏத்துக்காது. அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாக் கம்பத்துக்கும். உன் பேர் இந்தத் திருத்தத்துல வருது, வாழ்த்துகள்."

போனை வைத்ததும் ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். "என்ன சொல்லுதாவ?"

பொன்மாரி ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே சொன்னாள்.

ஜெசிந்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். எதையோ சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவள்போல, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப செத்தவ கைய இனிமே வைக்க முடியாது."

"முடியாது சிஸ்டர்."

"சாகப் போறவ கைய?"

வெளியே உப்பளத்தில் ஒரு கம்பம் மணியடித்து, உடனே நின்றது. யாரோ கை வைத்துவிட்டார்கள்.

"அதை ஏத்துக்கும்" என்றாள் பொன்மாரி.